வேலை அனுபவம் இல்லாம மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணலாமா? சீட்டுக்கு முன்னாடி இஎம்ஐ கணக்கைப் பாருங்க



"காலேஜ் முடிச்சு எட்டு மாசம்தான் சார் ஆகுது. எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம மாஸ்டர்ஸ் அப்ளை பண்ணா எடுத்துப்பாங்களா?" வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இது. சுருக்கமான பதில்: பெரும்பாலான இடத்தில் எடுத்துப்பாங்க. அதனால் இந்தக் கேள்வியில் நான் அதிக நேரம் செலவு பண்ணப் போறதில்லை. எனக்குக் கவலை தருவது அதுக்கு அடுத்த கேள்வி. அனுபவம் இல்லாமல் போய்ப் படித்து முடிச்சு, அனுபவம் இல்லாத ஒரு பட்டதாரியாகவே வெளியே வரும்போது கிடைக்கிற முதல் சம்பளம், வாங்கின கடனோட இஎம்ஐயைத் தாங்குமா? இதை யாரும் கேட்கிறதில்லை. கன்சல்டன்சிக்காரர் கண்டிப்பா கேட்க மாட்டார்.

முதல்ல, யார் அனுபவம் கேட்கிறாங்க, யார் கேட்கலைன்னு பார்த்துடலாம்.

நம்ம ஊரில் எம்பிஏ, எம்சிஏ சேர டான்செட், எம்.இ., எம்.டெக். சேர சீட்டா பிஜி. 2023-லிருந்து இந்த இரண்டையும் அண்ணா பல்கலைக்கழகம் தனித்தனித் தேர்வா நடத்துது. எதிலும் வேலை அனுபவம் தகுதியாகக் கேட்பதில்லை; கடைசி வருஷம் படிக்கிறவங்களே எழுதலாம். கேட் தேர்வும் அப்படித்தான். கேட் மதிப்பெண்ணோட எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். கடன் வாங்காமல் முதுகலை படிக்க இவ்வளவு நேரான வழி இருக்கும்போது நம்ம பசங்க இதைச் சீண்டாமல் போறது எனக்கு இன்னும் புரியலை. அந்த மதிப்பெண் மூணு வருஷம் செல்லும். என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்களே அதை வைத்து ஆள் எடுத்திருக்காங்க.

ஐஐஎம்களின் இரண்டு வருஷ எம்பிஏவுக்கும் அனுபவம் கட்டாயம் இல்லை. ஆனா ஷார்ட்லிஸ்ட் போடும்போது அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் தருகிற ஐஐஎம்கள் உண்டு. பட்டப்படிப்பு முடிச்ச பிறகு செய்த முழுநேர வேலைதான் கணக்கு. இன்டர்ன்ஷிப், பகுதி நேரம் சேராது. ஒரு வருஷ எம்பிஏக்கள் வேற ரகம். ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் படிப்புக்குக் குறைந்தது நாலு வருஷ அனுபவம் வேணும். அங்கே "நான் புதுசு, ஆனா ஆர்வம் அதிகம்"னு எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே பிரிவினை இருக்கு. பெரிய எம்பிஏக்கள் பெரும்பாலும் அனுபவம் எதிர்பார்க்கும். எம்எஸ், எம்எஸ்சி, மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட் போன்றவை புதுசா படிச்சு முடிச்சவங்களுக்காகவே வடிவமைச்சவை. ஜெர்மனியில் இளங்கலையின் தொடர்ச்சியா வரும் மாஸ்டர்ஸ் படிப்பில் அனுபவம் கேட்பது அபூர்வம். நீங்க பி.இ.யில் படிச்ச பாடங்கள் அவங்க பாடத்திட்டத்தோடு பொருந்துதா என்றுதான் வரிக்கு வரி பார்ப்பாங்க. அங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கான மாஸ்டர்ஸ் தனியா இருக்கு. அதுக்கு அனுபவமும் வேணும், கட்டணமும் உண்டு. அப்ளை பண்றதுக்கு முன்னாடி எந்த வகைன்னு பாருங்க. இதைக் கவனிக்காமல் அப்ளிகேஷன் ஃபீஸை வீணாக்கினவங்க நிறைய.

சரி, இப்போ பணத்துக்கு வருவோம்.

மேச்சேரியில் என் கிளையன்ட் ஒருத்தர். ஆட்டு வியாபாரம், கூடவே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், நிலக்கடலை போடுவார். மேச்சேரி ஆடுன்னா கறிக்கு மட்டுமில்லை, தோலுக்கும் பேர் போனது. ஆக, வருமானம் இல்லாத குடும்பம் கிடையாது. பையன் பி.இ. மெக்கானிக்கல், ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்எஸ்சி மேனேஜ்மென்ட் போகணும்ங்கறான். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "சார், ரெண்டு ஏக்கரா இருக்குது. அதை வெச்சா பேங்க்ல குடுத்துருவாங்கல்லங்க?"

குடுக்க மாட்டாங்க. அல்லது ரொம்ப யோசிப்பாங்க. காரணம், வங்கிகள் நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்த உதவும் 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. கடன் திரும்பி வராட்டி சுலபமா விற்க முடியாத சொத்தை எந்த மேனேஜரும் ஈடாக எடுக்க விரும்ப மாட்டார். வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, ஃபிக்ஸட் டெபாசிட் இதைத்தான் கேட்பாங்க. வீடு இருந்தாலும் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாம் ஒரே பேரில், ஒரே அளவில் ஒத்துப்போகணும். தாத்தா பேரிலேயே பட்டா இருக்கும் வீடுகள் நம்ம பக்கம் எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அப்பாவோட வருமானம். கல்விக்கடனில் அவர் இணைக்கடனாளி. வங்கி வழக்கமா அவரோட இரண்டு வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். "நமக்கு விவசாயம், வரியே கிடையாது"ன்னு ரிட்டர்னே போடாமல் இருப்பாங்க. நிலக்கடலை வருமானத்துக்கு வரி இல்லை, சரி. ஆடு வளர்ப்பும் ஆட்டு வியாபாரமும் வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம் ஆகாது. அது தொழில் வருமானம். வரி வருதோ இல்லையோ, ரிட்டர்ன் போட்டு வைக்கணும். கெடு தவறினாலும் டிசம்பர் 31 வரைக்கும் தாமதக் கட்டணத்தோட தாக்கல் பண்ண வழி இருக்கு. ஆனா கடனுக்கு அப்ளை பண்ற வாரத்தில் இல்லாத வருமானத்தை ஏத்திக் காட்டி ரிட்டர்ன் போடச் சொல்லி யாரும் எங்கிட்ட வராதீங்க. நான் போட மாட்டேன்.

இப்போ கணக்கு. ஃபீஸ், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 30 லட்சம்னு வைச்சுக்குவோம். வட்டி 11 சதவீதம். படிப்பு ஒரு வருஷம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் தவணை விடுப்பு. இந்த இரண்டு வருஷமும் இஎம்ஐ இல்லையே தவிர, தனிவட்டி ஓடிக்கிட்டே இருக்கும். முழுத் தொகையும் முதல்லயே வாங்கினதா எடுத்தால் வட்டி மட்டும் 6.6 லட்சம். ஆக, தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 36.6 லட்சம். பத்து வருஷத்தில் கட்டினால் மாசம் சுமார் 50,400 ரூபாய்.

அங்கேயே வேலை கிடைச்சால் சமாளிச்சுடலாம். ஆனா இங்கிலாந்தில் படிப்புக்குப் பிறகு வேலை தேட இப்போதைக்கு இரண்டு வருஷம்; 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவங்களுக்கு 18 மாசம்தான். அதுக்குள்ள ஸ்பான்சர் பண்ற கம்பெனி கிடைக்கணும். 2025 ஜூலையில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பை 41,700 பவுண்டாக உயர்த்தினாங்க. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குச் சலுகை வரம்பு 33,400 பவுண்டு. வேலை அனுபவமே இல்லாத ஒருத்தர், மெக்கானிக்கல் முடிச்சுட்டு மேனேஜ்மென்ட் படிச்ச ஒருத்தர், அந்தச் சம்பளத்தில் அங்கே முதல் வேலை வாங்கணும். முடியாதுன்னு சொல்லலை. ஆனா அதை நம்பி வீட்டை அடமானம் வைக்கிறோம் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

அதனால் நான் எல்லாரையும் ஒரு கணக்கு போடச் சொல்வேன். அதுக்குப் பேர் 'திரும்பி வந்தா' கணக்கு. வேலை கிடைக்காமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி வந்தால், அந்தப் பட்டத்துக்கு இங்கே என்ன சம்பளம்? கையில் 45,000 வரும்னு வைங்க. இஎம்ஐ 50,400. அப்பாவோட ஆட்டுக் காசிலிருந்து மீதியைக் கட்டணும், நீங்க சாப்பிடறதுக்கும் அவரே அனுப்பணும். என் அளவுகோல், திரும்பி வந்தால் கிடைக்கும் கைச்சம்பளத்தில் இஎம்ஐ மூணில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன குடும்பத்துக்கு இது பாதி வழிகூட எட்டலை. தவணை தவறினால் உங்க சிபில் மட்டும் இல்லை, இணைக்கடனாளியான அப்பாவோட சிபிலும் சேர்ந்து விழும்.

வங்கி ஈடு தரலைன்னா உடனே அடுத்த யோசனை, "வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்கிக்கலாம்." நூத்துக்கு ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம். படிப்புக்காக அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. இதுக்கு மேல அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை.

"80இ பிரிவில் வட்டிக்கு வரி விலக்கு இருக்கே சார்?" இருக்கு. முழு வட்டிக்கும், எட்டு வருஷத்துக்கு. ஆனா பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு வரியே வராது. வரியே கட்டாதவருக்கு வரிச் சலுகை எதுக்கு? முதல் சில வருஷங்களில் உங்களில் பலருக்கு 80இ ஒரு பைசா பிரயோஜனப்படாது. இதைக் காட்டிக் கடனை நியாயப்படுத்துற விளம்பரங்களை நம்பாதீங்க. உண்மையிலேயே உதவுறது வேற: 2025 ஏப்ரல் முதல், வங்கிக் கல்விக்கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஃபீஸுக்கு டிசிஎஸ் பிடித்தம் கிடையாது. சொந்தப் பணத்தில் அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேல் பிடிப்பாங்க.

வங்கியோட பட்டியலைப் படிங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடிச்ச பகுதி. அனுபவம் இல்லாத ஒரு மாணவனோட வருங்காலச் சம்பளத்தை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வங்கி அதை ஊகிச்சு, அந்த ஊகத்தில் தன்னோட காசைப் போடுது. எஸ்பிஐயின் ஸ்காலர் லோன் மாதிரித் திட்டங்களில், ஐஐஎம், ஐஐடி போன்ற பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் பெரிய தொகையையும் ஈடு இல்லாமலேயே தர்றாங்க. ஐஐஎம் அகமதாபாத்தின் ஃபீஸ் 25 லட்சத்தைத் தாண்டியாச்சு. அதுக்கு ஈடு கேட்காத வங்கி, 8 லட்ச ரூபாய் ஃபீஸ் உள்ள வேறொரு கல்லூரிக்கு வீட்டுப் பத்திரம் கேட்குது. அங்கே எடைபோடப்படுறது நீங்க இல்லை, அந்தக் கல்லூரி. ஆக, அட்மிஷன் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே, நீங்க நினைக்கிற கல்லூரி எந்த வங்கியோட எந்தப் பட்டியலில் இருக்குன்னு பாருங்க. எந்தப் பட்டியலிலும் இல்லாத கல்லூரிக்கு முழுக் கடனில் போறது, வங்கி எடுக்க மறுத்த ரிஸ்க்கை அப்பா எடுக்கிறார்னு அர்த்தம்.

இந்தியாவிலேயே படிக்கிறதா இருந்தால் பிஎம் வித்யாலட்சுமியைப் பாருங்க. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம். தரவரிசையில் முன்னாடி இருக்கிற உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால், ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதம் அரசு உத்தரவாதம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம். பட்டியலினக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு. அதுக்கும் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயசு 35-க்குள், 60 சதவீத மதிப்பெண். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கு. இவை கடன் இல்லை, உதவித்தொகை. தகுதி இருந்தும் தெரியாமலேயே கடன் வாங்கினவங்களை நான் பார்த்திருக்கேன்.

ஜெர்மனி பத்தி ஒரு வார்த்தை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் அதைவிடப் பல மடங்கு. ஆனா விசாவுக்கு ஒரு வருஷ வாழ்க்கைச் செலவு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டணும். அது செலவு இல்லை. மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்ப வரும். இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்கணும், அதுக்கு 18,000 ரூபாய். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். 'திரும்பி வந்தா' கணக்கில் இங்கிலாந்தைவிட இது பல குடும்பங்களுக்குத் தாங்கும். மொழி படிக்கணுமேன்னு கேட்காதீங்க, படிக்கத்தான் வேணும்.

இப்போவா, இரண்டு வருஷம் கழிச்சா?

சம்பளக்காரர்களுக்கு என் பொதுவான பதில், இரண்டு வருஷம் வேலை பாருங்க. மாசம் 15,000 ஆர்டியில் போட்டால் இரண்டு வருஷத்தில் வட்டியில்லாமலே 3.6 லட்சம். கடன் அந்தளவுக்குக் குறையும். அதைவிட முக்கியம், எந்தப் படிப்பு வேணும்னு உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். தேர்வை மட்டும் இப்போவே எழுதிடுங்க, படிச்ச கை காய்வதற்குள்ள. ஜிஆர்இ மதிப்பெண் அஞ்சு வருஷம் செல்லும், கேட் மூணு வருஷம். ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருஷம்தான், அதைக் கடைசியில் எழுதிக்கலாம். கேட் தேர்வோட பேர் குழப்பம் வேண்டாம்: எம்பிஏவுக்கான கேட் மதிப்பெண் அந்த ஒரு அட்மிஷன் சுற்றுக்கு மட்டுமே.

ஆனா இந்தப் பதிலை நான் எல்லாருக்கும் சொல்றதில்லை. நம்ம பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு "ரெண்டு வருஷம் வேலை பாரு, அப்புறம் படி"ன்னா, அந்த ரெண்டு வருஷத்தில் ஜாதகம் எடுத்துடுவாங்க. 'அப்புறம்' வரவே வராது. 22 வயசில் வீட்டில் சரின்னு சொல்லியிருக்காங்க, உதவித்தொகையோ எம்.டெக். சீட்டோ வருதுன்னா, அம்மா, நீங்க இப்போவே போங்க. அனுபவம் குறைவு என்பதால் வரும் நஷ்டத்தைவிட வாய்ப்பே போய்விடும் நஷ்டம் பெரிசு. ஆராய்ச்சிப் பக்கம் போறவங்களுக்கும் காத்திருப்பதில் லாபம் இல்லை.

அனுபவம் இல்லாதவர் விண்ணப்பத்தில் என்ன எழுதறது? கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை ஒழுங்கா எழுதுங்க. நாலு பேர் சேர்ந்து பண்ணதுன்னா, உங்க கை எதுன்னு சொல்லுங்க. என்ன அளந்தீங்க, என்ன சரியா வரலை, அதுக்கு என்ன பண்ணீங்க. எட்டு மாச வேலையையும் மறைக்காதீங்க; 'ட்ரெய்னி'ன்னா ட்ரெய்னின்னே போடுங்க. பரிந்துரைக் கடிதம், உங்க பேரே ஞாபகம் இல்லாத முதல்வர்கிட்ட வாங்குறதைவிட, லேபில் உங்களைப் பார்த்த ஆசிரியர்கிட்ட வாங்குங்க. அரியர் வைச்சிருந்தால் எத்தனைன்னு சரியா குறிப்பிடுங்க, மார்க் ஷீட்டில் எப்படியும் தெரியும்.

"ஒரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம்"னு சொல்றவங்க இருக்காங்க. ஒரு கணக்காளராச் சொல்றேன், இது மாட்டிக்கும். நிஜமான வேலைன்னா உங்க யூஏஎன்-ல பிஎஃப் வரலாறு இருக்கும், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்திருக்கும், படிவம் 16 இருக்கும், 26ஏஎஸ்-ல தடம் இருக்கும். வெறும் லெட்டர் மட்டும் இருந்தால் அதுவே சந்தேகம். விசா விண்ணப்பத்தில் பொய் ஆவணம் கொடுத்தது தெரிஞ்சால் இங்கிலாந்து 10 வருஷம் வரை உள்ளே விடாது. அனுபவமே கேட்காத படிப்புக்குப் போய் பொய் அனுபவம் காட்டி மாட்டிக்கிறது எவ்வளவு பெரிய கூத்து!

வேலையை விடும் முன்னாடி ஆஃபர் லெட்டரில் சர்வீஸ் அக்ரிமென்ட் இருக்கான்னு பாருங்க, நோட்டீஸ் காலத்தை முடிச்சு ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்குங்க. பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்தால் வரி உண்டு. தேதிகளும் முக்கியம். எம்பிஏ கேட் தேர்வுக்கு ஆகஸ்டில் பதிவு, நவம்பர் கடைசியில் தேர்வு. எம்.டெக். கேட் பிப்ரவரியில். டான்செட் மார்ச் வாக்கில். ஜெர்மனி குளிர்காலச் செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி, ஆனா அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே முடிச்சுடும் துறைகளும் உண்டு. வீட்டில் பத்திரம், பட்டா பேர் மாத்த வேண்டியிருந்தால் அந்த வேலையை இதுக்கெல்லாம் முன்னாடி, இந்த மாசமே ஆரம்பிச்சுடுங்க. அட்மிஷன் வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு அலைஞ்சா, ஃபீஸ் கட்டும் கெடு உங்களுக்காக நிக்காது.